பெருந்தன்மை மூட்டை

துணி பார்க்கத் தெரிந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் மதுரை என்று சொல்லிவிடலாம். ஊர்ப்பாசத்தில் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம், சாட்சிகள் இருக்கின்றன. கீழடியில் தோண்டியபோது நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்தன. நல்ல பருத்தித் துணி கிடைக்கும் இடங்களை வரிசை போட்ட அர்த்தசாஸ்திரம் மதுரையையும் அதில் சேர்த்திருக்கிறது. அது வடக்கே இருக்கும் மதுரா அல்ல, பாண்டியன் மதுரைதான் என்பது அறிஞர்கள் பலருடைய முடிவு. சிலப்பதிகாரத்தில் கோவலன் ஊரைச் சுற்றிப் பார்க்கும்போது அறுவை வீதி வருகிறது. அங்கே அடுக்கிக் கிடப்பதை மொத்தமாகத் துணி என்று சொல்லிவிட்டு இளங்கோ நடையைக் கட்டவில்லை. பருத்தி நூல், மயிர், பட்டு என்று இழை இழையாகப் பிரித்துச் சொன்ன பிறகே அந்த வீதியைக் கடக்கிறார்.

அந்த ஞானம் இன்றைக்கும் போய்விடவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் விளக்குத்தூண் பக்கம் போய் நின்று பாருங்கள். முந்தானையை விரித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு. காதருகே கொண்டுபோய்க் கசக்கி, சரசரப்பு எப்படி என்று ஒரு கேட்பு. டியூப்லைட் வெளிச்சம் ஆளை ஏமாற்றும் என்பதால் புடவையும் கையுமாக வாசல்வரை ஒரு நடை. ஓரத்தில் தொங்கும் இழையை உருவி, எச்சில் தொட்டு முறுக்கிப் பார்த்துவிட்டு, "காட்டன்னு சொல்றீங்க, மிக்ஸ் கலந்திருக்கேண்ணே" என்று ஒரு தீர்ப்பு. கடைக்காரர் மீனாட்சி மேல் சத்தியம் செய்தாலும் அந்தத் தீர்ப்பு மாறாது. விலைதான் மாறும்.

இப்பேர்ப்பட்ட விரல், அதே புடவை பழசான அன்றைக்குத் தன் கல்வியை எல்லாம் மறந்துவிட்டு எவ்வளவு அடக்கமாக இருக்கிறது! அதைப் பாராட்டத்தான் இந்தக் கட்டுரை. பீரோவைத் திறந்து, மேலே வந்து விழுந்ததை எல்லாம் அள்ளி, ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் அமுக்கி, பை கொள்ளாவிட்டால் கிழிந்த பெட்ஷீட்டில் கொட்டி, நாலு முனையையும் சேர்த்து ஒரு முடிச்சு. காட்டனா மிக்ஸா என்று இப்போது ஒருவரும் கேட்பதில்லை. எல்லாம் பழசு, அவ்வளவுதான். வாங்குவது வியாபாரம், அதில் இழை பிரித்துப் பார்க்கலாம். கொடுப்பது தர்மம், அதில் போய் இழை பிரிப்பது அற்பத்தனம் இல்லையா?

அந்த மூட்டைக்குள் நிலவும் சமத்துவத்தைச் சொல்லி மாளாது. தமிழ்நாட்டின் முதல் சமத்துவபுரம் 1998இல் நம் திருமங்கலம் பக்கத்து மேலக்கோட்டையில்தான் திறக்கப்பட்டது. அங்கேகூட வீட்டுக்கு வீடு ஒரு சுவர் உண்டு. மூட்டைக்குள் அதுவும் கிடையாது. ஜரிகை உதிர்ந்த கல்யாணப் பட்டு, அதன் மடியில் தாத்தாவின் கை வைத்த பனியன், அதன் மேல் பையனின் பாலியஸ்டர் பேண்ட், இடையில் ஜோடி இழந்த சாக்ஸ், கொசுவலை, நைட்டி, எலாஸ்டிக் தளர்ந்த ஜட்டி, தலையணை உறை என்று நினைத்து எடுத்தால் தலையணையே. பெண் எடுக்கும்போது ஏழு தலைமுறை விசாரிக்கிற நாம், மூட்டை கட்டும்போது யாரையும் என்ன வம்சம் என்று கேட்பதில்லை. இந்தச் சபைக்கு அணி செய்யக் கடைசி நேரத்தில் ஓர் ஈரத் துண்டும் உள்ளே போகும். மூன்று நாள் போதும், அந்த ஒரு துண்டின் பூசணம் மூட்டை முழுக்கப் பரவி, நன்றாக இருந்த பத்துத் துணியையும் தன் தரத்துக்குக் கொண்டுவந்துவிடும். சமத்துவம் அப்போதுதான் பூரணமாகிறது.

கொடைக்கு நடுவே சிக்கனத்தையும் விட்டுவிடக் கூடாது என்பதால், கொடுக்கும் முன் சட்டையிலிருந்து பட்டன்களை வெட்டி எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொள்கிறோம். பேண்டிலிருந்து கொக்கி, நைட்டியிலிருந்து ஜிப். சட்டை இன்னும் இரண்டு வருஷம் உழைக்கும், பட்டன்தான் இருக்காது. வாங்கிக்கொள்கிற ஏழை நெஞ்சைத் திறந்து காட்டி நடக்கட்டும், வெயில் காலத்தில் காற்றோட்டமாக இருக்கும் என்ற கரிசனம்.

நம் பாட்டிமார்களுக்கு இந்தப் பெருந்தன்மை வாய்க்கவில்லை. அவர்கள் மகா கஞ்சர்கள். ஒரு சுங்குடிப் புடவை கையில் கிடைத்தால் அது மண்ணோடு மண்ணாகும்வரை விடமாட்டார்கள். இடுப்பில் தேய்ந்த பிறகு அது பேரனுக்குத் தூளி. தூளி நைந்தால் நல்ல பாகம் குழந்தைக்கு அரைத்துணி. வேட்டி கிழிந்தால் ஒரு பாதி வடிகட்ட, மறு பாதி காயத்துக்குக் கட்ட. மிச்சத்தில் தலைச்சுமைக்கு ஒரு சும்மாடு, அடுப்படிக்கு ஒரு கரித்துணி, கடைசி முழத்தில் விளக்குக்குத் திரி. இத்தனைக்கும் எதை எதற்கு ஒதுக்குவது என்று ஒரு பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. நைலெக்ஸும் டெரிலினும் வீட்டுக்குள் வந்தபோது, அவற்றைக் கரித்துணியாக வைத்தால் சூட்டில் உருகிக் கையோடு ஒட்டும், தரை துடைத்தால் தண்ணீரை உறிஞ்சாமல் அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளிவிடும் என்பதை ஒரே நாளில் கண்டுபிடித்துத் தனியாக ஒதுக்கி வைத்தார்கள். நாம் அந்தக் கஞ்சத்தனத்திலிருந்து விடுதலை பெற்று ஒரு தலைமுறை ஆகிறது.

பாட்டிக்குத் துணையாக வாசலுக்கே வந்து பிரித்துக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. தலையில் எவர்சில்வர் பாத்திரக் கூடை, தோளில் துணி மூட்டை. பழைய துணிக்குப் பாத்திரம் மாற்றுகிற அம்மா. திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உதறிப் பார்ப்பார். இது பட்டு, ஜரிகை உண்டு, தனியா வை. இது நல்ல காட்டன் பேண்டு, விலை போகும். இது பாலிஸ்டர்க்கா, இத்தனைக்கும் சேர்த்து ஒரு கரண்டிதான் வரும். நாம் விடுவோமா? போன தீபாவளிக்கு எடுத்த புடவையின் விலையைச் சொல்லி, கரண்டியை டம்ளராக்கி, டம்ளரைத் தூக்குச்சட்டியாக்க ஒரு மணி நேரம் வாதாடி, அவர் எழுந்து போகிற மாதிரி நடிக்க, நாம் கூப்பிடாத மாதிரி நடிக்க, கடைசியில் ஒரு கிண்ணத்தில் முடியும். அந்த அம்மா இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் வர முடியாது. செக்யூரிட்டி விடமாட்டார். விற்பனையாளர்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை வைத்திருக்கிறோம். ஒரு கிண்ணத்தைக் கொடுத்து நம் துணியை இழைவாரியாகப் பிரித்துப் போனவரை வெளியே நிறுத்திவிட்டு, துணியை என்ன செய்வது என்று தெரியவில்லையே என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கவலைப்படுகிறோம். கவலைப்படுவதும் ஒரு சேவைதான்.

காயலான் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பேப்பர் எடுப்பார், இரும்பு எடுப்பார், பால் கவர்கூட எடுப்பார். துணி என்றால் கையெடுத்துக் கும்பிடுவார். குப்பைக்கே விலை சொல்கிற மனிதர் ஒதுக்குகிற ஒரே பொருளை நாம் ஏழைகளுக்கு என்று எடுத்து வைக்கிறோம்.

இந்தத் தர்மம் ஊர் எல்லையோடு நிற்பதுமில்லை. 2004 டிசம்பரில் சுனாமி அடித்ததும் உள்மாவட்டங்களிலிருந்து கடற்கரைக்கு லாரி லாரியாகத் துணி புறப்பட்டது. வீடும் வலையும் போன மீனவக் குடும்பங்கள், முன்பின் தெரியாதவர் உடுத்திக் கழித்த துணியைத் தொட மறுத்தார்கள். நாகப்பட்டினம் பக்கம் சாலையோரம் துணி மலையாகக் கிடந்தது. பிணத்தை எடுக்கவே ஆள் பற்றாத நேரத்தில் நம் கருணையை அள்ளிப் போட வேறு ஆள் தேட வேண்டியிருந்தது. அவர்களுக்கு நன்றி தெரியவில்லை என்று அன்றைக்குச் சிலர் மனம் வருந்தினார்கள். நியாயமான வருத்தம்தான். டில்லியிலிருந்து இயங்கும் கூஞ்ச் என்ற அமைப்பின் ஆட்கள் மட்டும் வேறு மாதிரி யோசித்தார்கள். வேண்டாம் என்று கிடந்ததைப் பிரித்து, காட்டனைத் துவைத்துப் பெண்களுக்கு மாதவிலக்குத் துணியாக்குவது, தடித்த துணியில் பை தைப்பது என்று ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு வேலை கண்டுபிடிப்பது அவர்கள் வழக்கம். அதன் நிறுவனர் அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கொடுத்தார்கள். கொடுத்த நமக்கு விருது இல்லை, பிரித்தவருக்கு விருது, உலகம் அப்படித்தான்.

பிரிப்பவர்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை ஒன்றில், சாக்கு விரித்துக் கால் நீட்டி உட்கார்ந்து நம் மூட்டைகளை அவிழ்க்கிற பெண்களைப் பார்த்தேன். மூக்கைச் சுற்றி முந்தானை. முடிச்சை அவிழ்த்ததும் முதலில் கை போவது துணிக்கு அல்ல, அடிக்கு. ஊசி, பிளேடு, உடைந்த வளையல் எது வேண்டுமானாலும் இருக்கலாம். சில வீடுகளில் குழந்தையின் டயப்பரையும் துணி வகையில் சேர்த்துவிடுகிறார்கள். பிறகு கை வேகம் பிடிக்கிறது. எடுப்பு, ஒரு தேய்ப்பு, எறிதல். வலப்பக்கம் காட்டன், அது எண்ணெய் துடைக்க லாரி பட்டறைக்குப் போகும். இடப்பக்கம் பாலியஸ்டர். பின்பக்கம் சொல்ல முடியாதது. சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவித் தீக்குச்சி காட்டுகிறார்கள். காகிதம் எரிகிற வாடையோடு பொடிச் சாம்பலானால் பருத்தி. உருகிச் சொட்டிக் கறுப்பு மணியாக இறுகினால் பாலியஸ்டர். முடி கருகும் வாடை வந்தால் பட்டோ கம்பளியோ. மற்றபடி நூற்றுக்குத் தொண்ணூறு விரல் நுனியிலேயே முடிந்துவிடுகிறது.

"எப்படிம்மா பார்த்த உடனே தெரியுது?" என்று கேட்டேன்.

"கடையில எடுக்கும்போது உங்க வீட்டம்மாவுக்கு எப்படிண்ணே தெரியுது? அதே மாதிரிதான்."

நல்ல வேளையாக வீட்டம்மா உடன் வரவில்லை. நானும் பேச்சை மாற்றிவிட்டேன்.

இந்தப் பெண்களின் கூலியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. தர்மத்தின் நடுவில் கூலியைப் பேசினால் நெஞ்சு கரிக்கும். ஒன்று மட்டும் சொல்லலாம்: ஸ்வீடனில் மால்மோ நகரில் 2020இல் அகச்சிவப்புக் கதிரை வைத்துத் துணி பிரிக்கும் எந்திர ஆலை தொடங்கினார்கள். கதிர் துணியில் பட்டுத் திரும்பும் விதத்தை வைத்து இது பருத்தி, இது பாலியஸ்டர் என்று எந்திரம் சொல்லும். இத்தகைய எந்திரங்களுக்குக் கன்னங்கறுப்புத் துணி என்றால் கண் தெரியாது. உள்ளே லைனிங் வைத்துத் தைத்திருந்தால் மேல்துணி மட்டும்தான் தெரியும். தகரக் கொட்டகையில் அதே கறுப்புத் துணியின் தையலை நகத்தால் கீறி லைனிங்கைத் தனியாகப் பிய்க்கிறார்கள். அந்த எந்திரத்துக்கு ஏசி உண்டு, இன்ஷூரன்ஸ் உண்டு.

பிரித்தால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூரில் பார்க்கலாம். பனியன் கம்பெனியில் வெட்டி விழும் துண்டுகளைப் பனியன் வேஸ்ட் என்று கிலோ கணக்கில் வாங்கி, குடோனில் பெண்களை உட்காரவைத்து நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். வெள்ளைக்கு நல்ல விலை. சிவப்பு தனி, நீலம் தனி. பிரித்ததைக் கிழித்துப் பஞ்சாக்கி, கோவை, பல்லடம் வட்டாரத்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களில் மறுபடி நூலாக்குகிறார்கள். நீலத் துண்டிலிருந்து நீல நூலே வருவதால் சாயம் போட வேண்டியதில்லை. சாயத்துக்குச் செலவாகும் தண்ணீரும் மிச்சம். கால்மிதி, தரைவிரிப்பு, கையுறை என்று அது இன்னொரு பிறவி எடுக்கிறது. வடக்கே பானிபட்டில் கம்பளித் துணிக்கு இதே வைத்தியம்: நிறத்துக்கு ஒரு குவியல், குவியலுக்கு ஒரு போர்வை. நம்மூர் ஹார்வி மில்காரர்கள் மதுரையில் கம்பெனி தொடங்கியது 1889இல். அந்தக் காலத்திலிருந்தே பஞ்சாலைக்காரர்கள் தரையில் விழுந்த தூசிப் பஞ்சைக்கூட விட்டதில்லை. கார்டிங்கில் விழுந்தது, கோம்பரில் கழிந்தது, முறுக்கு ஏறி வீணான நூல் என்று கழிவிலேயே ரகம் பிரித்து, ரகத்துக்கு ஒரு விலை வைத்து விற்பார்கள். லாபம் என்று வந்துவிட்டால் மனிதனுக்குத் தூசியிலும் வேறுபாடு தெரிகிறது. லாபம் கருதாத நமக்குப் பட்டும் ஜட்டியும் ஒன்றாகத் தெரிகின்றன.

வீட்டு மூட்டைக்கு அந்த மறுபிறவி எளிதில் வாய்ப்பதில்லை. ஜிப், கொக்கி, எலாஸ்டிக், லேபிள் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும். பிடுங்கினாலும் டெரிகாட்டன் நிற்கிறது. பருத்தியையும் பாலியஸ்டரையும் நூலாக முறுக்குவதற்கு முன்பே கலந்துவிட்ட அந்த மேதையை வணங்க வேண்டும். கசங்காது, சுருங்காது, அயர்ன் பண்ண வேண்டாம் என்று எழுபதுகளில் மாப்பிள்ளைகள் கேட்டு வாங்கிய துணி. எந்த விரலாலும், எந்தக் கிழிக்கும் மெஷினாலும் அந்த இரண்டையும் திரும்பப் பிரிக்க முடியாது. அக்மார்க் காட்டன் சட்டை என்று எடுத்தாலும் அதைத் தைத்த நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். உடுத்திய துணியிலிருந்து மறுபடி உடுத்தும் துணி செய்வது உலகம் முழுக்கச் சேர்த்தாலும் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்று எல்லன் மெக்கார்த்தர் அறக்கட்டளை 2017இல் கணக்குச் சொன்னது. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 78 லட்சம் டன் துணிக்கழிவு சேர்வதாகவும், அதில் பாதி நம் வீடுகளிலிருந்து வருவதாகவும் 2022இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. பாதியாவது நம் பங்கு என்பதில் ஒரு திருப்தி.

அரசும் தன் பங்குக்குக் கருணை காட்டியிருக்கிறது. பிளாஸ்டிக், மின்சாதனம், பேட்டரி, டயர் என்று ஒவ்வொன்றுக்கும், விற்றவனே திரும்ப எடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று விதி வந்தபோது ஜவுளி மட்டும் தப்பித்துக்கொண்டது. பிரான்சில் 2007லேயே துணி விற்பவர் தலையில் இந்தப் பாரத்தை ஏற்றிவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2025 ஜனவரி 1 முதல் துணியைத் தனியாகச் சேகரித்தே ஆக வேண்டும். அவர்களுக்கு ஈவு இரக்கம் கிடையாது.

மாநகராட்சியின் பச்சைத் தொட்டி மக்கும் குப்பைக்கு, நீலத் தொட்டி மக்காத குப்பைக்கு. காட்டன் வேட்டி மக்கும்; பாலியஸ்டர் மக்காது. அப்படியானால் 67க்கு 33 என்று கலந்து நெய்த சட்டையை, சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் மூன்று கூறாக வெட்டி இரண்டு கூறை நீலத்திலும் ஒரு கூறைப் பச்சையிலும் போட வேண்டியிருக்கும். இந்தச் சங்கடம் மக்களுக்கு வரக் கூடாது என்றே பல தெருக்களில் இரண்டும் ஒரே வண்டியில் ஏறிவிடுகின்றன. அவனியாபுரத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கல் கிடங்கில் எல்லாம் மறுபடி சந்தித்துக்கொள்ளும். பழைய குப்பையைச் சலித்தெடுக்கும் இடங்களில் எல்லாம் துணியின் அன்பு பிரசித்தம்: உருளைச் சல்லடையைக் கண்டால் விடாமல் சுற்றிக்கொள்ளும், மெஷினை நிறுத்தி அறுத்தெடுத்து, எரிபொருள் என்று பெயர் சூட்டிச் சிமென்ட் ஆலைக்கு அனுப்ப வேண்டும். 2025 ஜூலையில் வந்த ஒன்றிய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 40 நகரங்களில் மதுரைக்கு 40ஆம் இடம். விருந்தாளிகளைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்காரர் கடைசியில் சாப்பிடுகிற மாதிரி, 39 ஊர்களையும் முன்னே விட்டோம்.

இந்த ஊரில் துணி சுற்றிச் சுற்றி வரும் இடம் ஒன்று உண்டு என்றால் அது மேடைதான். பொன்னாடை! தகதகக்கும் பாலியஸ்டர். போர்த்திய கணத்தில் போட்டோ, அடுத்த கணத்தில் உதவியாளர் கை, அதற்கடுத்து கார் டிக்கி. அங்கிருந்து சில சமயம் வந்த கடைக்கே திரும்பி, அதே உறைக்குள் மடிந்து, அடுத்த விழாவில் இன்னொரு தோளுக்கு. எந்தத் தோளும் அதை ஒரு நிமிஷத்துக்கு மேல் அணிந்ததில்லை, தேய்மானமே கிடையாது. தாம்பூலப் பையில் வரும் ரவிக்கைத் துணியின் கதையும் இதுதான். கொலுவுக்கு வந்து, வளைகாப்புக்குப் போய், கத்தரி படாமலேயே வருஷக்கணக்கில் ஊர் சுற்றுகிறது. உடுத்தவே உடுத்தாத துணிக்கு மறுசுழற்சி வெகு சுலபம் என்று மதுரை மெய்ப்பித்திருக்கிறது. 2017இல் மு.க. ஸ்டாலின், பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தலைவர் சொல்லைத் தட்டாத தொண்டர்கள் அவருக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, மிச்சப்பட்ட பொன்னாடையை வட்டச் செயலாளருக்கும் பகுதிச் செயலாளருக்கும் போர்த்தினார்கள்.

ஃபிளெக்ஸும் துணிதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாலியஸ்டர் வலையின் மேல் பி.வி.சி. பூசியது. இரண்டையும் பிரித்து மறுசுழற்சி செய்ய யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆனாலும் வீணாகிறது என்று சொல்ல முடியாது. விழா முடிந்ததும் யாரோ கழற்றிக்கொண்டு போய்க் குடிசைக் கூரையில் விரிக்கிறார்கள். தலைவர் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி மழையைத் தாங்குகிறார். அந்தக் குடும்பத்துக்குத் தலைவர் தலைக்கு மேல் கூரையாக நின்றார் என்று எவரும் தயங்காமல் மேடையில் பேசலாம்.

ஆறுகளையும் மறக்கவில்லை. கருமாதி முடித்து வைகையில் ஒரு வேட்டி, பரிகாரம் முடித்து ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் ஒரு புடவை, பாபநாசத்தில் தாமிரபரணிக்கு ஒரு பேண்ட் சட்டை. தாமிரபரணியிலிருந்து டன் கணக்கில் துணியை அள்ளியிருக்கிறார்கள். பருத்தியைப் பாலியஸ்டரிலிருந்து பிரிக்க உலகம் திணறுகிற காலத்தில், மனிதனிடமிருந்து பாவத்தையே பிரித்துத் துணியோடு ஆற்றில் விடும் தொழில்நுட்பம் நம்மிடம் இருக்கிறது. முன்னோர் காலத்தில் பருத்தியோடு போன பாவம் மக்கிப் போயிற்று. இப்போது போவது பேரன் காலத்திலும் கரையில் ஒதுங்கிக் கிடக்கும்.

இப்போது மால்களிலும் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். பழைய துணியைப் போட்டால் புதுத் துணிக்குத் தள்ளுபடிக் கூப்பன். பீரோவில் இடம் அடைக்கிறது என்று கொண்டுபோனவர் இரண்டு பையோடு திரும்புகிறார். பூமியைக் காப்பாற்றிய களைப்பு தீர அங்கேயே ஒரு ஐஸ்க்ரீம்.

இவ்வளவு பெருமையை ஊருக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா? அதற்காகத்தான் விழிப்புணர்வுப் பேரணிகள். ஒரு நாள் காலை, வெயில் ஏறும் முன், பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தொப்பி, ஒரு டீ சர்ட். எல்லாம் எக்ஸெல் அளவு. ஆறாம் வகுப்புப் பையனுக்கு முழங்காலைத் தொடுகிறது. முதுகில் 'தரம் பிரிப்போம், நகரம் காப்போம்' என்று பெரிய எழுத்து, கீழே உபயதாரர்களின் பெயர்கள். கொடி அசைப்பு, நடை, குளிர்பானம், குரூப் போட்டோ. பத்து மணிக்கு வியர்வை உறிஞ்சாத அந்தச் சட்டையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள்.

அவற்றில் ஒரு கட்டு, ஒருதடவைகூடத் துவைக்காமல், கொட்டகைக்கு வந்து சேர்ந்திருந்தது. மூக்கில் முந்தானையோடு இருந்த அந்த அம்மா ஒன்றை எடுத்து உதறி, முதுகில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு விரலால் ஒரு தேய்ப்பு.

"பாலிஸ்டர்" என்று இடப்பக்கம் எறிந்தார்.